பௌதி வீடு வந்தது, பௌதி வீடு போனது

வெயில் காலத்தில் எங்கள் சந்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். வருகிற நாள் தெரியும், நேரம் மட்டும் யாருக்கும் தெரியாது. விடிகாலையிலும் வரும், சோற்றில் கை வைக்கும்போதும் வரும். வந்தால் அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. அப்புறம் குழாய் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு அடங்கிவிடும். சுற்றிலும் கடல் இருக்க, குடத்தில் தண்ணீர் இல்லையா என்று மெயின்லேண்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் தீவில், கராச்சர்மா என்ற இடத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே ஏறும் மேட்டுச் சந்து எங்களுடையது. என் வீடு அடிவாரத்தில். அதனால் தண்ணீர் முதலில் என் குழாய்க்கு வந்து, பிறகுதான் மேலே ஏறும். இந்த ஒரு சங்கதிதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

நான் வீட்டிலிருந்தபடியே மெயின்லேண்டில் உள்ள ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவள். லாரி எங்கே போகிறது, ஐஸ் பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்தந்த நொடியிலேயே வேண்டியவர்களுக்குக் கொண்டு சேர்க்கிற வேலை. ஒரு முனையில் இருக்கும் கருவி ஒரு தலைப்பின் கீழ் செய்தியை வெளியிடும். அந்தத் தலைப்புக்குச் சந்தா சொல்லி வைத்தவர்களுக்கெல்லாம் நடுவில் இருக்கும் சர்வர் அதை உடனே தள்ளிவிடும். வெளியிடுகிறவருக்குக் கேட்கிறவர் யார் என்று தெரிய வேண்டாம், கேட்கிறவருக்கும் வெளியிடுகிறவரைத் தெரிய வேண்டாம். செய்தி வரும் நேரத்தில் இணைப்பில் இல்லாதவருக்கு அது போனது போனதுதான்.

இதைப் பிழைப்பாகச் செய்கிறோமே, நம் சந்துக்கும் செய்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. என் வீட்டுக் குழாயில் ஒரு சென்சாரை மாட்டினேன். தண்ணீர் அழுத்தம் பட்டதும் தீப்பெட்டி அளவு போர்டு ஒன்று 'தண்ணீர்' என்ற தலைப்பில் செய்தி வெளியிடும். சந்தா வைத்த போன்களில் மணி அடிக்கும்.

"உனக்கு இருக்குற வேலை பத்தலையா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் துறைமுக ஆபீசில் வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். "நாளைக்கு மணி அடிக்கலைன்னா ஊரே உன்னைத்தான் வந்து கேக்கும், பாத்துக்க."

"கேட்டா பதில் சொல்லிக்கறேன். நீங்க குடத்தை எடுத்து வைங்க" என்றேன்.

சந்தா கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரிடம் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியட்டுமே என்று, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஆப் தயார் செய்தேன். உள்ளே வீட்டின் பெயர்: அண்ணாச்சி வீடு, மளிகைக்கடை வீடு, டீச்சர் வீடு, இப்படி. முதலில் செய்தது 'பௌதி வீடு'.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. எதிர்வீட்டு வங்காளப் பெண்மணியை அவர் பக்கத்துப் பையன்கள் அப்படிக் கூப்பிட, சந்தில் உள்ள தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாருக்கும் அவர் பௌதி ஆகிவிட்டார். கணவர் மெயின்லேண்ட் கப்பலில் சமையல்காரர். கரையில் இருக்கிற நாள் குறைவு. தாய் இல்லாத தங்கையைப் பௌதிதான் வளர்த்து, படிக்கவைத்து, கடலுக்கு அந்தக் கரையில் உள்ள பேம்பூஃப்ளாட்டில் கட்டிக்கொடுத்தார். அந்தத் தங்கைக்கு அப்போது நிறைமாதம். குழந்தை பிறந்ததும் தாயும் பிள்ளையும் நேராகத் தன் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னத் தொட்டி ஒன்று, மஞ்சள் நிறத்தில், ஏற்கெனவே வாங்கி வைத்தாகிவிட்டது.

தங்கையின் மாமியார் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் வீட்டில் கிணறு இருக்கிறது. "கராச்சர்மாவில் குடிக்கவே தண்ணீர் இல்லை, பச்சைக்குழந்தையை எதில் குளிப்பாட்டுவீர்கள்? டிரம் எல்லாம் நிறைந்திருந்தால் அனுப்புகிறோம்" என்றார்கள். பௌதி சரி என்று சொல்லிவிட்டார். நாங்கள் பேசிக்கொள்வது தீவு இந்தியில்தான். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மிஷின் இருக்கிறதே, எனக்கு என்ன கவலை?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் முறை மணி அடித்தது. என் போனிலும் அடித்தது, பௌதி போனிலும் அடித்தது. அவர் பஜாரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்து டிரம்களை நிரப்பிவிட்டார். அன்று மாலைக்குள் சந்து முழுக்கச் செய்தி பரவி, எல்லா வீட்டுக்கும் ஆப் வேண்டும் என்றார்கள். எல்லாருக்கும் அவரவருடையதை அனுப்பினேன்.

பிறகுதான் கூத்து. மறுமுறை தண்ணீர் வந்தபோது தெலுங்குக்காரர்களான மளிகைக்கடை வீட்டில் மட்டும் மணி அடித்தது. அதற்கடுத்த முறை டீச்சர் வீட்டில் மட்டும். என் போனில் மட்டும் தவறாமல் அடித்தது. பத்து முறை சோதித்தேன், பத்து முறையும் என் போனில் அழகாக மணி அடித்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மேல்வீட்டு அண்ணாச்சி, காண்ட்ராக்டர், திருநெல்வேலிக்காரர், வாசலில் வந்து நின்றார். "என்னம்மா இது, நம்மாளுக்கே வரலியே. தெலுங்கு வீட்டுல மணி அடிக்கி, எங்க வீட்டுல கப்சிப்னு கெடக்கு. ஆளு பாத்து அனுப்புதியோ?"

"அண்ணாச்சி, நான் யாருக்கும் அனுப்பறதில்லை. அது தானா போகுது."

"தானா போறது தெலுங்கு வீட்டுக்கு மட்டும் எப்படிம்மா தானா போவும்?"

நியாயமான கேள்விதான். அதைவிடக் குழப்பம், சர்வரைப் பார்த்தால் அண்ணாச்சி வீடு என்ற பெயரே அங்கே இணைந்திருக்கவில்லை. மளிகைக்கடை வீடும் இல்லை, டீச்சர் வீடும் இல்லை. "ஆப்பைப் போட்டீங்களா இல்லையா?" என்றால், "போட்டாச்சும்மா, இந்தா பாரு" என்று போனை நீட்டுகிறார். திரையில் நான் வரைந்த நீலத் துளி சிரிக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒன்றும் புரியாதபோது சொல்வது அதுதான்.

இதற்கு நடுவில் பௌதிக்கும் எனக்கும் சண்டை. அவர் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டுவிட்டார். தண்ணீர் வரும்போது மோட்டார் போட்டு உறிஞ்சினால் மற்ற குழாய்களில் நூல்போலத்தான் ஒழுகும். தங்கை வருகிற அவசரம் அவருக்கு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் நிற்காது. வாசலில் நின்றுகொண்டே, "உங்க வீட்டு டிரம் நிறைய எங்க வீட்டுக் குடம் காயணுமா?" என்று கேட்டுவிட்டேன். "என் மோட்டாரை எண்ணுகிறாயே, உன் மாடி டேங்கை நான் எண்ணினேனா?" என்று அவரும் விடவில்லை. அதன்பிறகு எதிரெதிர் வாசலில் கோலம் போடுகிறவளும் துணி உலர்த்துகிறவரும் முகம் பார்க்காமல் இருந்தோம்.

தங்கைக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பௌதி காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். சந்துக்கே தெரியும்.

அந்த வாரம் தண்ணீர் மத்தியானத்தில் வந்தது. என் மணி அடித்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கோபம் இருந்தாலும் மனம் கேட்கவில்லை, லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். 'பௌதி வீடு: செய்தி சேர்ந்தது' என்று சர்வர் சொன்னது. அப்பாடா என்று என் குடங்களைக் கவனிக்கப் போனேன். ஆட்டோ பிடித்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீர் நின்றுவிட்டது.

போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. செய்தி சேர்ந்த பிறகும் வராதவரை நான் வேறு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்ற வீம்பு. அண்ணாச்சி வீட்டு அம்மாவும் கூப்பிடவில்லை. "பௌதிக்குத்தான் மொதல்ல அடிச்சிருக்குமே" என்று நினைத்தாராம்.

மூன்று நாள் கழித்து மறுபடி அதே கதை. பூட்டிய கதவு, 'செய்தி சேர்ந்தது', ஆள் வரவில்லை. இந்த முறை எனக்குச் சந்தேகம் வந்து, சர்வரின் பதிவை முழுக்க இறக்கிப் படித்தேன். படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. பௌதி வீடு வந்தது. பௌதி வீடு போனது. பௌதி வீடு வந்தது. பௌதி வீடு போனது. பக்கம் பக்கமாக இதேதான். சில நொடிக்கு ஒருமுறை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக, நாள் முழுக்க, ராத்திரி முழுக்க.

"பாருங்க இந்தப் பொம்பளையை" என்று வீட்டுக்காரரிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "வேணும்னே ஆன் பண்ணி ஆஃப் பண்ணி விளையாடுது. என் சர்வரைக் கெடுக்கணும்னே."

அவர் பதிவில் இருந்த நேரங்களை விரலால் ஓட்டிப் பார்த்தார். "ஏன்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு யாருடி தூங்காம ஆன் ஆஃப் பண்ணுவா? அதுவும் ஆஸ்பத்திரிக்கு அலையுறவங்க?"

"வீம்புக்கு எதுவும் செய்வாங்க."

"உன்னை மாதிரியே எல்லாரையும் நினைக்காத" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் நினைத்ததை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அதை அவிழ்ப்பதைவிட யார் மேலாவது பாயலாம் என்றிருந்தது.

அன்று மாலை பௌதி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூக்குவாளியோடு மேடேறி வந்தார். கதவைத் திறப்பதற்குள் போய் நின்றேன்.

"பௌதி, சண்டை மோட்டாருக்குத்தானே? அதுக்கு ஆப்பை ஏன் ஆன் ஆஃப் பண்றீங்க? செய்தி வந்தும் ஏன் வரல?"

அவர் என்னைப் பார்த்தார். முகம் சோர்ந்து கறுத்திருந்தது. "செய்தியா? எனக்கா? முதல் தடவைக்கு அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. மோட்டாருக்குப் பழிவாங்குகிறாய் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிக்குமா அடிக்குமா என்று."

"பொய் சொல்லாதீங்க. இதோ, இந்த நிமிஷம்கூட நீங்க ஆன்லைன்ல இருக்கீங்க" என்று என் போனை நீட்டினேன். 'பௌதி வீடு' என்பதற்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பௌதி பையிலிருந்து தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன், உயிர் இல்லை. "மத்தியானமே செத்துவிட்டது. சார்ஜரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்."

ஒரு கையில் செத்த போன். இன்னொரு கையில், அதே போன் உயிரோடு இருப்பதாகச் சொல்லும் என் போன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றேன். பேய் பிசாசு என்று நம்புகிறவளாக இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

மளிகைக்கடை வீட்டுக்கு நடந்தேன். "போனைக் கொடுங்க" என்று வாங்கி, ஆப்பின் உள்பக்கத்தைத் திறந்தேன். வீட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பௌதி வீடு'. டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். பௌதி வீடு. அண்ணாச்சி வீட்டில் மூன்று போன்கள், மூன்றும் பௌதி வீடு. ஒரே சந்தில் இத்தனை பௌதிகள்!

"இது உங்களுக்கு யார் குடுத்தா அண்ணாச்சி? நான் உங்களுக்குன்னு தனியா அனுப்பினேனே?"

"நீ அனுப்புனது பாதியிலயே நின்னுபோச்சும்மா, நெட்டு எங்க கிடைக்கி? பௌதிகிட்ட இருந்துச்சு. ப்ளூடூத்ல வாங்கிக்கிட்டோம். எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம்."

அப்போதுதான் விளங்கியது. இந்தத் தீவில் நெட் சாட்டிலைட்டில் சொட்டுச் சொட்டாக வந்த காலத்திலிருந்தே அதுதான் எங்கள் பழக்கம். பாட்டோ, படமோ, ஆப்போ, யாராவது ஒருவர் ராத்திரி முழுக்கக் காத்திருந்து இறக்குவார். மற்றவர்கள் அவரிடமிருந்து கைக்குக் கை வாங்கிக்கொள்வார்கள். ஆளாளுக்கு இறக்குவது என்பது கொழுப்பெடுத்த வேலை. கடலடிக் கேபிள் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. நானும் இங்கேயே வளர்ந்தவள்தான். நானே அப்படி எத்தனையோ வாங்கியிருக்கிறேன். என் புத்திக்கு இது எட்டவே இல்லை.

சர்வருக்கு ஒரு விதி உண்டு. ஒரு பெயரில் ஓர் ஆள்தான். அதே பெயரில் இன்னொருவர் வந்தால், புதிதாக வந்தவரை உள்ளே விட்டுவிட்டு முன்பிருந்தவரை வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்ட போன் சும்மா இருக்குமா? சில நொடியில் திரும்பி வந்து இன்னொன்றைத் தள்ளும். சந்து முழுக்க இப்படி ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரும் நொடியில் உள்ளே இருந்த வீட்டுக்கு மட்டும் மணி. பௌதியின் போன் பழையது. பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தூங்கித் தூங்கி விழும். அது எழுந்து கதவைத் தட்டுவதற்குள் மற்றவை எல்லாம் நுழைந்துவிடும்.

திரும்பிப் போய் பௌதியிடம் சொன்னேன். அவர் இன்னும் வாசற்படியிலேயே, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது அவருக்குப் பாதி புரிந்ததா, முழுக்கப் புரிந்ததா, தெரியவில்லை.

"அப்படியென்றால், நான் யாருக்கும் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு மணி அடித்திருக்கும்?"

"ஆமா பௌதி."

"அரே பாபா! வாசலில் வந்து ஒருவர் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். அவர்களை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு போனாக வாங்கி அனுப்பியிருக்கிறார். நான் அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னபோதும் எல்லாரும் அவரிடம்தான் போயிருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க மளமளவென்று பேசினேன். "சரி விடுங்க. ராத்திரிக்குள்ள எல்லாருக்கும் பேரை மாத்திடறேன். எங்க மாடி டேங்க்ல தண்ணி இருக்கு, அண்ணாச்சிகிட்ட இருக்கு, இப்பவே உங்க டிரம்மை ரொப்பிடலாம். டிஸ்சார்ஜ் எப்போ?"

"நாளைக்குக் காலையில்."

"அப்புறம் என்ன? காலையில தங்கச்சி வர்றதுக்குள்ள—"

"இல்லை" என்றார். "மத்தியானம் அவள் மாமியார் வந்திருந்தாள். டிரம் நிறைந்ததா என்று கேட்டாள். எல்லார் முன்னாலும், வார்டில். நான் என்ன சொல்ல? இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது. அங்கே தொட்டில்கூடக் கட்டிவிட்டார்களாம்."

"மறுபடி பேசிப் பாருங்களேன். நான் வேணா பேசறேன்."

"சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்தால், நாளைக்கு அந்த வீட்டில் இருக்கப் போகிறவள் என் தங்கைதானே. பேச்சு கேட்கப் போகிறவளும் அவள்தான்." பௌதி எழுந்து தூக்குவாளியோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சாத்தம் படகுத்துறை வரைக்கும் நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். தங்கை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இருபத்தொரு நாள் முடியாமல் குழந்தையை மறுபடி கடல் தாண்டி எடுக்கமாட்டோம்" என்று மாமியார் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள். இருபத்தொரு நாள் முடியும்போது பௌதியின் கணவர் விடுமுறையில் வந்து, இருவரும் அவர் ஊருக்குக் கப்பலேறுவதாக இருந்தது. அவர்கள் ஜீப்போடு வேன்களையும் ஸ்கூட்டர்களையும் ஏற்றிக்கொண்டு படகு பேம்பூஃப்ளாட்டுக்குக் கிளம்பியது. ஜீப்பின் பின்கண்ணாடிதான் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வீட்டுக்கு வீடு நானே போய், ஒவ்வொரு போனையும் வாங்கி, பெயரை மாற்றினேன். யார் யாருக்குக் கொடுத்தாலும் தானாகப் புதுப்பெயர் எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமையும் திருத்தினேன். சில வரி வேலைதான். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே, இத்தனை சின்ன வேலையா என்று அழுகை வந்தது.

அடுத்த முறை தண்ணீர் காலையிலேயே வந்தது. சந்து முழுக்க ஒரே நேரத்தில் மணி அடித்தது. கல்யாண வீடு கெட்டது போங்கள். அண்ணாச்சி மேலே நின்று, "அடிச்சிட்டும்மா, அடிச்சிட்டு!" என்று கூவினார். என் வீட்டுக்காரர்கூட, பரவாயில்லையே என்பதுபோலப் பார்த்தார். சர்வரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பச்சைப் புள்ளி. பௌதி வீட்டுக்கும்.

எதிர்வீட்டில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. குழாய் மட்டும் ஓடும் சத்தம். குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

பௌதி எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். டிரம்கள், பக்கெட்டுகள், அண்டா, சொம்பு. அந்த மஞ்சள் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்பி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். குழாயை மூடவில்லை, தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து மூடினேன். அவர் தொட்டிக்குள் கைவிட்டுச் சூடு பார்ப்பதுபோலத் துழாவினார்.

"தேக், சப் ஃபுல்" என்றார். "எல்லாம் நிறைந்துவிட்டது. இப்போது நான் யாரைக் குளிப்பாட்டுவது, நீயே சொல்."